கடைக் கதவும் கணக்குப் புத்தகமும்: அரசின் பார்வைக்கு எல்லை உண்டா?



விலை நிலவரம், வரி விகிதம், தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை பற்றி நமது இதழில் பலரும் எழுதி வருகிறார்கள். அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டையும், கடையையும், கணக்கையும், கைபேசியையும் அரசாங்கம் எந்த அளவுக்குப் பார்க்கலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அது. நான் சட்டம் படித்தவன் அல்லன். பள்ளிப் படிப்போடு பெரியகுளத்தில் மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். ஆனாலும் வியாபாரிக்கு இது தெரிந்தே ஆகவேண்டும் என்று படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

மடியில் கனம்

இந்தப் பேச்சை எடுத்தவுடன் நம்மவர்கள் சொல்வது, "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்ற பழமொழி. ஒழுங்காக வரி கட்டுகிறவன் எதற்குப் பயப்பட வேண்டும், பார்த்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தொழிலை எண்ணிப் பாருங்கள். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அவர்கள் திருடர்களா? அடக்க விலையை எழுத்துக் குறியாக மூட்டையில் எழுதி வைத்த நம் பெரியவர்கள் குற்றவாளிகளா? எந்த ஊர் மண்டியில் என்ன விலைக்கு எடுத்தோம், எந்தச் சில்லறைக் கடைக்கு எத்தனை நாள் கடன் விட்டிருக்கிறோம் என்பதை எதிர்க்கடைக்காரரிடம் நாம் சொல்வதில்லை. மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்த வாடிக்கையாளரின் கஷ்டத்தையும் வெளியில் சொல்வதில்லை. மறைக்க வேண்டிய குற்றம் வேறு, காக்க வேண்டிய அந்தரங்கம் வேறு. மடியில் கனம் இருப்பது குற்றம் அல்ல. அது உழைத்துச் சேர்த்த காசாகவும் இருக்கலாம். வழியில் போகிறவர்கள் எல்லாம் மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னால்தான் பயம் வருகிறது.

நம் மண்ணில் நடந்தது

அரசாங்கம் மக்களைக் கண்காணிப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றிய சங்கதி அல்ல. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் நடந்ததை நம் பகுதியில் அறியாதவர்கள் குறைவு.

வெள்ளையர் அரசு 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல், எந்தக் குலத்தில் பிறந்தான் என்று பார்த்துப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அது. அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் சமுதாயத்தின் மீது இது ஏவப்பட்டது. விரல் ரேகையைப் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சந்தைக்குப் போகவும், உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போகவும் அரசாங்கச் சீட்டு இல்லாமல் முடியாது என்றால் அந்த வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் உயிர் இழந்தனர். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அன்போடு அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், பின்னர் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பட்டியல் தயாரிக்கும்போது அமைதியை நிலைநாட்டவே என்று சொன்னார்கள். பட்டியல் தயாரான பிறகு அது எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

வணிகர்கள் தொடுத்த வழக்கு

அயல்நாட்டில் இந்த உரிமை பிறந்த கதையில் நம்மைப் போன்ற வியாபாரிகளே முன்னால் நிற்கிறார்கள். அமெரிக்கா ஆங்கிலேயர் கீழ் இருந்த காலத்தில், சுங்க அதிகாரிகளுக்குப் பொதுச் சோதனை ஆணை ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. யார் மீது சந்தேகம், என்ன பொருளைத் தேடுகிறோம் என்று எதுவும் சொல்லாமல் எந்தக் கிடங்கையும் எந்த வீட்டையும் திறக்கலாம். 1761இல் பாஸ்டன் நகர வணிகர்கள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். அவர்களுக்காக ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் வாதாடினார். வழக்கு தோற்றது. ஆனால் அந்த வாதம் மக்கள் மனத்தில் நின்றது. 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 4ஆவது திருத்தமாக, தகுந்த காரணமும், இடமும் பொருளும் குறித்த ஆணையும் இல்லாமல் சோதனை கூடாது என்ற விதி வந்தது. ஒரு சரக்குக் கிடங்கின் பூட்டுக்காகத் தொடங்கிய வழக்கு, ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் காவலாயிற்று.

நம் நீதிமன்றங்கள் நடந்து வந்த பாதை

நமது அரசியல் சட்டத்தில் 'அந்தரங்க உரிமை' என்ற சொல் தனியாக எழுதப்படவில்லை. அதனால் நீதிமன்றங்கள் படிப்படியாகத்தான் இதை வந்தடைந்தன.

1954இல் எம்.பி.சர்மா வழக்கில், டால்மியா ஜெயின் ஏர்வேஸ் நிறுவனம் தொடர்பான சோதனைகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் விசாரித்தார்கள். சோதனைக்கு எதிராக அந்தரங்க உரிமையை நம் அரசியல் சட்டத்தில் காண முடியாது என்றார்கள்.

1962இல் கரக் சிங் வழக்கு. உத்தரப்பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் போலீசார் அவர் பேரில் பதிவேடு திறந்து, நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி, இருக்கிறாரா என்று பார்த்துப் போனார்கள். இரவில் வீட்டுக்குள் வருவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒருவரைப் பின்தொடர்ந்து கவனிப்பதைத் தடுக்கவில்லை. நீதிபதி சுப்பா ராவ், அந்தரங்கம் தனிமனிதச் சுதந்திரத்தின் உயிர்நாடி என்னும் கருத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

பிறகு 1975இல் நெருக்கடி நிலை வந்தது. அப்போது நான் சிறுவன். பத்திரிகையில் கட்டம் கட்டி வெற்றிடம் விடுவதையும், பெரியவர்கள் டீக்கடையில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசுவதையும் கண்டிருக்கிறேன். விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் எதிர்த்து எழுதினார்.

1994இல் நம் தமிழகத்திலிருந்து ஒரு வழக்கு போயிற்று. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். தனிமனிதனுக்குத் தன்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை உண்டு என்றும், அதைச் சாக்காக வைத்து அரசு பத்திரிகைக்கு முன்கூட்டியே பூட்டுப் போட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் குடிமகனுக்குக் கவசம்; அதிகாரிகளின் தவறுக்குத் திரை அல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

1996 டிசம்பர் 18இல் டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். உத்தரவு 2 மாதம் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2024 டிசம்பரில் அதற்கான ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்துள்ளன. அடிப்படை இதுவேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உத்தரவு போடுவதும் அதிகாரி, மறுஆய்வு செய்வதும் அதிகாரிகள். இடையில் ஒரு நீதிபதி இல்லை. கேட்கப்படுகிறவருக்குத் தகவலும் இல்லை. கொள்முதல் செய்தவரே தணிக்கையும் செய்கிற கணக்கை நாம் ஒத்துக்கொள்வோமா?

நமக்கு மிகவும் பயன்படக்கூடியது 2004ஆம் ஆண்டு கனரா வங்கி வழக்கு. ஆந்திர மாநிலம் முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, கலெக்டர் யாரை அனுப்பினாலும் வங்கியில் உள்ள ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து எடுத்துப்போகலாம் என்று ஆக்கியது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தரங்கம் இடத்தைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது. நம் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டோம் என்பதால் அந்த உரிமை போய்விடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கடைசியாக 2017 ஆகஸ்ட் 24. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கில், 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் உள்ள உயிர் வாழும் உரிமையிலும், ஏனைய அடிப்படை உரிமைகளிலும் அது அடங்கியுள்ளது என்றார்கள். 1954, 1962 தீர்ப்புகளின் முரண்பட்ட பகுதிகள் நீக்கப்பட்டன. 1976 நெருக்கடி நிலைத் தீர்ப்பும் தவறு என்று கைவிடப்பட்டது. அந்தப் பழைய தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட், அதைத் தவறு என்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட்.

இனி அரசு நம் அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. எடைக்கு எடை சரியாக இருக்க வேண்டும் என்று நம் பாஷையில் சொல்லலாம்.

சென்னையில் ஒரு தீர்ப்பு

2025 ஜூலை 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு இந்த அளவுகோலை உரைத்துப் பார்த்தது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்ச ரூபாய் லஞ்சம் கொடுக்க முயன்றதாக ஒரு நிறுவனத் தலைவர் மீது குற்றச்சாட்டு. அவர் டெலிபோனை ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டால்தான் ஒட்டுக்கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது; இது அந்த வகையில் வராது; மறுஆய்வுக் குழுவின் முன்பும் வைக்கப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. லஞ்சத்தை நியாயப்படுத்திய தீர்ப்பு அல்ல இது. குற்றத்தைப் பிடிக்கவும் சட்டப்படியான வழியில்தான் போக வேண்டும் என்ற தீர்ப்பு. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு லஞ்ச வழக்கில் ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே, எல்லைக் கல்லை உச்ச நீதிமன்றம்தான் உறுதியாக நட வேண்டும்.

இன்று நம்மைப் பார்க்கும் கண்கள்

பெரியகுளத்திலிருந்து ஒரு லாரி சரக்கு குமுளி வழியாகக் கேரளம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் போடுகிறோம். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். யார் அனுப்பினார், யார் வாங்கினார், என்ன சரக்கு, எந்த வண்டி என்பது அதில் பதிவாகிறது. 2021 முதல் அந்த இ-வே பில்லும் சுங்கச்சாவடிப் பாஸ்டேக்கும் இணைக்கப்பட்டுள்ளன. அதனால் வண்டி எந்தச் சாவடியை எப்போது கடந்தது என்பதும் தெரியும். கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி கியூஆர் அட்டை வழியாக வருகிறது, அதுவும் பதிவு. தெருமுனையில் கேமரா. கடை வாசலில் நாமே வைத்த கேமரா.

இவை எல்லாமே தீமை என்று நான் சொல்லவில்லை. போலி பில் போட்டு வரி ஏய்ப்பவனால் நேர்மையான வியாபாரிக்குத்தான் முதல் நஷ்டம். கேமராவால் திருட்டுப் பிடிபட்டதும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிட்டையாக இருக்கும்வரை ஒரு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் ஏற்றிவிட்டால் வேறு மாதிரி. அந்தப் பேரேட்டில் நம் முழு வாழ்க்கையும் விரியும். அது தவறான கைக்குப் போனால் என்னாகும்? 2024 மே மாதத்தில் தமிழகக் காவல்துறையின் முகம் கண்டறியும் கம்ப்யூட்டர் தளத்துக்குள்ளேயே அந்நியர் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்ததை மறக்க முடியாது.

ஆதார் விஷயத்தில் 2018 செப்டம்பர் 26ஆம் தேதித் தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது. ரேஷன் போன்ற அரசு உதவிகளுக்கும், வருமான வரிக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் கட்டாயம் என்பது செல்லாது என்றார்கள். ரேகை பதியவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்பதும் வலியுறுத்தப்பட்டது. மாங்காய்ப் பால் பட்டும் மண்வெட்டி பிடித்தும் ரேகை தேய்ந்த கைகள் நம் பக்கத்தில் எத்தனை எத்தனை! நம் கடைக்கு வரும் அந்த மக்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

அதிகாரி வந்தால் என்ன செய்வது?

அண்மையில் ஒரு சில்லறை வியாபாரி என்னிடம் கேட்டார்: "அண்ணே, கேமராப் பதிவைக் கேட்டு வந்தா கொடுக்கணுமா? கொடுத்தாத் தப்பா, கொடுக்காட்டித் தப்பா?" அவரைப் போன்றவர்களுக்காகக் கீழ்க்கண்டவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. வந்தவர் யார் என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது அவமரியாதை அல்ல. பெயர், பதவி, அலுவலகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தவோ வழிமறிக்கவோ வேண்டாம். அது நமக்கே கேடாக முடியும்.

2. ஜி.எஸ்.டி. சோதனை என்றால், சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி இணை ஆணையர் பதவிக்குக் குறையாத அதிகாரி, காரணம் இருப்பதாக நம்பி எழுத்தில் அதிகாரம் அளித்திருக்க வேண்டும். அந்தப் படிவத்தைப் பார்க்கக் கேளுங்கள். எடுத்துப்போகும் ஏடுகளுக்குப் பட்டியல் வாங்குங்கள். அவற்றிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

3. வருமான வரித் துறையில் 'சர்வே' வேறு, 'ரெய்டு' வேறு. சர்வே என்பது கடை திறந்திருக்கும் நேரத்தில் வந்து கணக்கையும் இருப்பையும் பார்ப்பது. அதில் ரொக்கத்தையோ சரக்கையோ அள்ளிப்போக முடியாது. ஏடுகளை எடுத்தாலும் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்ள மேலதிகாரியின் அனுமதி வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று குறிக்கப்பட்ட 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம், ரெய்டின்போது கம்ப்யூட்டர், மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொல்லையும் மீறித் திறக்க அதிகாரம் தருகிறது. ஆகையால் வியாபாரக் கணக்குக்கு ஒரு கைபேசி, குடும்பத்துக்கு ஒரு கைபேசி என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வேலை நடக்கும்போது குடும்பப் பேச்சும் படமும் தேவையின்றிக் கலந்து போகாமல் இருக்க இது உதவும்.

4. போலீசார் கேமராப் பதிவையோ கைபேசியையோ கேட்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தரலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவு வந்தால் தாராளமாக ஒத்துழையுங்கள். அது குடிமகன் கடமை. எந்தத் தேதி, எந்த நேரம் என்று குறித்து, அந்தப் பகுதியை மட்டும் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பதிவோடு தரும் சான்றிதழில் 'ஹாஷ்' எண் குறிக்கப்பட வேண்டும். மூட்டை வாயைத் தைத்து முத்திரை வைப்பது போன்றது இது. பிறகு யாராவது பதிவை மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும்.

5. சோதனை நடந்தால் அக்கம்பக்கத்து மதிப்புள்ள இருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டு நகல் தர வேண்டும். அதே சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையை ஒலி ஒளிப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். பெண்களைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

6. சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் போலீஸ் நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

7. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. உண்மையான அதிகாரியின் எல்லை தெரிந்தவனை போலி அதிகாரி ஏமாற்ற முடியாது.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2020 ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை நடத்திய தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரடங்கில் கடை நேரத்தை மீறியதாகச் சொல்லப்பட்டது. 22ஆம் தேதி மகனும், 23ஆம் தேதி தந்தையும் உயிருடன் இல்லை. தமிழகமெங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள். வழக்கில் எழுதப்பட்ட தகராறுக்கும், அக்கம்பக்கத்துக் கேமராவில் கண்ட காட்சிக்கும் பொருத்தமில்லை என்பது வெளிவந்தது. ஆனால் காவல் நிலையத்துக் கேமராப் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

யோசித்துப் பாருங்கள். குடிமகனைப் பார்க்கும் கேமரா நன்றாக வேலை செய்கிறது. அதிகாரியைப் பார்க்கும் கேமராவில் பதிவு இல்லை. இந்தத் தராசு ஒரு பக்கம் சாய்ந்த தராசு. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, நாட்டில் உள்ள எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் உத்தரவிட்டது. அது நம் ஊர் நிலையத்தில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் கடமையும் இருக்கிறது

அரசு நம் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்று கேட்கிற நாம், வாடிக்கையாளர் அந்தரங்கத்தை மதிக்கிறோமா? கடன் நோட்டை மேசை மேல் விரித்து வைப்பது, பாக்கிக்காரர் பெயரை அட்டையில் எழுதித் தொங்கவிடுவது, வாடிக்கையாளரின் டெலிபோன் எண்களை விளம்பரக்காரருக்குக் கொடுப்பது, தேவையின்றி ஆதார் நகல் வாங்கி அலமாரியில் போட்டு வைப்பது ஆகியவை கூடவே கூடாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தகவல்களைக் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ வைத்திருப்பவர்களுக்கான முக்கியக் கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டுள்ளன. அபராதம் மிகப் பெரிய குற்றங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை போகும். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, அரசு விரும்பும் அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. சிறு வியாபாரிக்குக் கடிவாளம், அரசு அமைப்புக்குத் தளர்வு என்ற இந்த ஏற்றத்தாழ்வைச் சங்கங்கள் சுட்டிக்காட்ட வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, சோதனை நேரத்தில் அழைத்தால் உடனே ஆலோசனை சொல்லக்கூடிய வழக்கறிஞர் ஒருவரையும் கணக்கர் ஒருவரையும் ஏற்பாடு செய்து, அவர்கள் எண்ணை ஒவ்வொரு கடையிலும் ஒட்டி வைப்பது. இரண்டாவது, சாட்சியாக வந்து நிற்கத் தயாராக உள்ள மூத்த உறுப்பினர்கள் பட்டியல். அக்கம்பக்கத்தார் வந்து நின்றாலே பாதி வரம்புமீறல் நின்றுவிடும். மூன்றாவது, சங்கம் சார்பில் வைக்கும் தெருக் கேமராக்களுக்கு ஓர் ஒழுங்கு: பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், யார் எழுத்தில் கேட்டால் கொடுப்பது என்று தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுவது.

வரியை ஒழுங்காகக் கட்டுவோம். பில் போட்டு விற்போம். சட்டப்படி கேட்கும் அதிகாரிக்குச் சட்டப்படி பதில் சொல்வோம். அதே சமயம், எந்தச் சட்டப்படி என்று பணிவாகக் கேட்கும் பழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே கற்றுக்கொடுப்போம். இது குறித்து உறுப்பினர்களுக்கு ஐயம் இருப்பின் சங்கக் கூட்டத்தில் எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!